கரும்பாறைப் பட்டி நோர்ஜ்மா

கோம்போ முதலில் நாயைத்தான் கொன்றான்.

கூடாரத்துக்கு வருகிறவன் எட்டத்திலேயே குதிரையை நிறுத்தி, "நாயைப் பிடி!" என்று குரல் கொடுப்பான். அதுதான் முறை. கோம்போ குரல் கொடுக்கவில்லை. பாசர் குரைத்துக்கொண்டு குதிரையின் முன்னங்காலுக்குப் பாய்ந்ததும், சேணத்தில் சொருகியிருந்த கடப்பாரையை உருவிக் குனிந்து ஓர் அடி போட்டான். கிணற்றுப் பனிக்கட்டியை உடைக்கிற கடப்பாரை. நாய் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அதன் தலையடியில் கொஞ்ச நேரம் ஆவி எழுந்தது. பிறகு அதுவும் நின்றது.

நோர்ஜ்மா அப்போது ஆட்டுப் பட்டிக்குள் எரு கிளறிக்கொண்டிருந்தாள். குதிரைக் குளம்படி கேட்டுக் கவைக்கோலோடு வாசலுக்கு வந்தவள் நாயைப் பார்த்தாள். அப்புறம் கோம்போவைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் சரிவு முழுக்க, விலா எலும்பை எண்ணிவிடலாம் போல, அவனுடைய ஆடுகள் நின்றன.

"எதுக்குடா நாயைக் கொன்னே?"

"உன்னைக் கொல்ல வேணாம்னுதான் அண்ணி. படலைத் திற. உன் ஆட்டை வெளிய ஓட்டு. இது எங்கப்பன் பட்டி."

"உங்கப்பன் செத்தப்ப இங்க நாலு கல்லு கிடந்துச்சு. அந்த நாலு கல்லையும் எடுத்துக்கிட்டுப் போ. மிச்சம் என்னோடது."

கோம்போ அவளுடைய கணவன் சம்தானின் தம்பி. சம்தான் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. வட்டாரத் தலைமையூரான சோமுக்குப் போய் வோட்கா குடித்துவிட்டு வந்தவன், கூடாரத்தின் புகை தெரிகிற தூரத்தில் அங்கியின் பொத்தான்களைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான். குடித்தவனுக்கு உள்ளே சூடு ஏறுவதாகத் தோன்றும். உண்மையில் உள்ளே இருக்கிற சூடுதான் தோல் வழியே வெளியேறிக்கொண்டிருக்கும். காலையில் அவனைக் கண்டுபிடித்தபோது முகத்தில் ஒரு நிம்மதி இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள். நோர்ஜ்மா பார்த்தாள். நிம்மதியும் இல்லை, ஒன்றும் இல்லை. உதடு உறைந்து பல்லை விட்டு விலகியிருந்தது, அவ்வளவுதான். அவள் அழுதாளா என்று கேட்டவர்களிடம், கண்ணீர் விட்டால் இமை ஒட்டிக்கொள்ளும் என்றாள்.

அவள் பிறந்ததும் வளர்ந்ததும் அந்த ஜவ்ஹான் மலைப்பக்கம்தான். இடது காதின் மேல்நுனி சிறு வயதிலேயே குளிரில் கருத்து உதிர்ந்துவிட்டது. கூட்டுப்பண்ணைக் காலத்தில் குட்டி ஈனும் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஈனும்போது சிக்கிக்கொண்ட குட்டியை முழங்கை வரை கைவிட்டுத் திருப்பி எடுப்பதில் அவளுக்குப் பெயர் உண்டு. சம்தானைக் கட்டிக்கொண்டாள். அவன் குடித்தால் அடிப்பான், அவளும் அடிப்பாள். ஒருமுறை உப்புத் தேநீர்க் கரண்டியால் அவன் முன்பல்லை எடுத்தாள். அதற்குப் பிறகு அவன் குடித்த நாளில் ஒட்டகத்தோடு படுத்துக்கொள்வான். பெற்ற பிள்ளைகளில் பிழைத்தவர்கள் தலைநகரத்துக்குப் போய்விட்டார்கள். மகன் லாரி ஓட்டினான், மகள் துணி தைத்தாள். இருவரும் வரச் சொல்லி அழைத்தார்கள். "அங்க வந்து ஜன்னல் வழியா எதைப் பாக்கிறது?" என்று இவள் போகவில்லை.

அவள் பார்க்க விரும்பியது கரும்பாறைப் பட்டியை. வடமேற்கே ஒரு கரும்பாறை செங்குத்தாக நின்று காற்றை மறிக்கும். அதன் காலடியில் மூன்று பக்கம் கல்லும் எருக்கட்டியுமாய்ச் சுவர், தெற்கே படல் வைத்த வாசல். ஆனால் சுவர் பெரிதல்ல. பெரிது தரை. ஆடுகள் ஒவ்வொரு குளிர்காலமும் போட்ட புழுக்கை, அவற்றின் குளம்பாலேயே மிதிபட்டு இறுகி, ஆண்டுக்காண்டு ஏறி முழங்கால் உயரப் படுக்கையாகியிருந்தது. வசந்தத்தில் மேல் அடுக்கை மட்டும் கட்டிகளாக வெட்டிச் சுவருக்கும் அடுப்புக்கும் எடுப்பார்கள். கீழ் அடுக்கில் கை வைக்க மாட்டார்கள். இலையுதிர்காலத்தில் அதைக் கிளறிக் காயவிட்டால், பனிக்காலம் முழுக்க அது உள்ளுக்குள் வெதுவெதுவென்று இருக்கும். நோயாளியைக் கட்டாந்தரையில் போட்டு மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் பயனில்லை; கொல்லுகிற குளிர் கீழிருந்துதான் ஏறும். ஆட்டுக்கும் அதே கதை.

கோம்போவுக்கு இது தெரியாததல்ல. ஆனால் அவனுக்குச் சுவர் ஆசை. போன வசந்தத்தில் தன் பட்டியின் படுக்கையைக் கீழ் மண் வரை வெட்டியெடுத்து, ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினான். வழியில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்துப் பாராட்டினார்கள். நோர்ஜ்மாவும் பார்த்தாள். "சுவரு மேலயா உன் ஆடு படுக்கும்?" என்று மட்டும் கேட்டாள். அவன் அவளுக்குத் தேநீர்கூட ஊற்றவில்லை.

அந்த ஆண்டு பார்த்து ஜுத் என்கிற, மந்தையையே கொல்லும் பனிக்காலம் வந்தது. பனிக்கு முன்னால் மழை பெய்தது, மழை உறைந்தது, அதன் மேல் பனி விழுந்தது. புல் கண்ணாடிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஆடுகள் குளம்பால் கீறிக் கீறிக் கால் புண்ணாகி, கடைசியில் ஒன்றின் கம்பளியை ஒன்று தின்றன. குளிர் சுழியத்துக்குக் கீழே நாற்பது டிகிரியையும் தாண்டி இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. குதிரையின் மூக்கில் சேரும் பனிக்கட்டியை மணிக்கொரு தரம் கையால் உடைத்தெடுக்காவிட்டால் அது மூச்சடைத்து நிற்கும். இரும்பை வெறுங்கையால் தொட்டவன் தோலை அதிலேயே விட்டுவிட்டு வருவான். கோம்போவின் உயர்ந்த சுவருக்குள், வெறும் மண்ணில் படுத்த ஆடுகள், காலையில் எழுந்திருக்கவில்லை. வயிறு மண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடப்பாரையால் நெம்பித்தான் எடுத்தான். அப்படி எடுத்துக் குவித்ததுபோக மிச்சத்தை ஓட்டிக்கொண்டுதான் இப்போது அண்ணியின் வாசலுக்கு வந்திருக்கிறான்.

நோர்ஜ்மாவிடமும் நிறைய இல்லை. சினை ஆடுகள், கொஞ்சம் வெள்ளாடு, வெள்ளை மாதத்துப் புத்தாண்டுப் பண்டிகைக்கென்று வைத்திருந்த ஒரு கொழுத்த காயடித்த கிடா. பட்டியில் இன்னும் இடம் இருந்தது என்பதும் உண்மை. அவன் "இடம் கொடு" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ, அது வேறு. அவன் கேட்டது பட்டியை. படுக்கையை இழந்தால் அவளுடைய சினை ஆடுகள் இரண்டு இரவு தாங்காது. ஆடு போனால் அவள் மகள் வீட்டு ஜன்னலுக்குத்தான் போக வேண்டும்.

"படலைத் திறக்கப் போறியா, இல்ல நான் திறக்கவா?"

"திறந்து பாரு."

அவன் குதிரையிலிருந்து இறங்காமலே சாட்டையை வீசினான். அது அவள் கன்னத்தைக் காது முதல் உதடு வரை கிழித்தது. ரத்தம் தாடைக்கு இறங்குமுன்பே இறுகியது. அவள் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. சாட்டை திரும்பவும் உயர்ந்தபோது, கவைக்கோலை இரண்டு கையாலும் பிடித்து, இரும்பு முனையை அவன் மணிக்கட்டில் இறக்கினாள். காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம். சாட்டை பனியில் விழுந்தது. கோம்போ குதிரையிலிருந்து சரிந்து, எழுந்து, அடிபட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் மேல் பாய்ந்தான்.

"கையை ஒடச்சிட்டியேடி!"

"இன்னொண்ணு இருக்கில்ல. அதையும் நீட்டு."

அவன் பெரிய உடம்புக்காரன். தோளால் இடித்து அவளைப் படலோடு சாய்த்தான். அவள் அவன் காதைக் கடித்தாள். அவன் கீழே தள்ளி, கம்பளி பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தான். ஒருமுறை, இன்னொருமுறை. உள்ளே ஏதோ இடம் மாறியது அவளுக்கே தெரிந்தது. மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. படல் கட்டு அறுந்தது. உள்ளே மிரண்டு நின்ற அவள் ஆடுகளில் வாசலோரம் இருந்தவை அவர்கள் இருவரையும் மிதித்துக்கொண்டு வெளியே ஓடின. கோம்போ இடது கையால் அவள் தலைமுடியைப் பிடித்துப் பனியில் முகத்தை அழுத்தினான். அவள் கைக்குக் கிடைத்த உறைந்த எருக்கட்டியை எடுத்து அவன் மூக்கில் குத்தினாள்.

இருவரும் வானத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்து மனிதர்கள் தும்மினால்கூட முதலில் வடமேற்கைப் பார்த்துவிட்டுத்தான் தும்முவார்கள். அன்றைக்கு இரண்டு பேரும் பார்க்கவில்லை. காலையிலிருந்து பாறையின் மேல் பனித்தூள் புகைந்துகொண்டிருந்தது. இப்போது மலையே காணாமல் போயிற்று. ஒரு பெரிய லாரி மேட்டில் ஏறுகிறாற்போல உறுமல் கேட்டது. அதற்கு அடுத்த மூச்சில் காற்று வந்து இருவரையும் உருட்டியது.

ஆட்டுக்குப் புயலை எதிர்த்து நிற்கத் தெரியாது. வாலைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு, அது தள்ளுகிற பக்கம் நடக்கும், விழும்வரை நடக்கும். சரிவில் நின்ற கோம்போவின் மந்தை மொத்தமும் திரும்பியது. பட்டிவாசல் கூப்பிடு தூரத்தில் திறந்து கிடந்தது. மந்தை அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெள்ளைக்குள் நடந்து போயிற்று. வெளியே ஓடிய நோர்ஜ்மாவின் ஆடுகளும் அவற்றோடு போயின. அடித்துக்கொண்ட நேரத்துக்கு இரண்டு மந்தையையுமே உள்ளே அடைத்திருக்கலாம்.

"என் ஆடு!" என்று கோம்போ அவளை விட்டுவிட்டு ஓடினான். ஒரு கையால் சேணத்தைப் பற்றி எப்படியோ ஏறினான்.

"போகாதடா! மூஞ்சிக்கு முன்னால கை தெரியல. போகாத!"

காதில் விழுந்ததோ இல்லையோ, போய்விட்டான்.

நோர்ஜ்மா மண்டியிட்டுத் தவழ்ந்து படலை இழுத்து, தன் இடுப்புக் கச்சையை அவிழ்த்து அதைக் கட்டினாள். பட்டிக்கும் கூடாரத்துக்கும் இடையே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடாரத்துக்கு வந்து சேர்ந்தாள். வந்தால் அங்கே இன்னொரு சேதம். காற்று புகைக்குழாயைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. அடுப்பு அணைந்து, கூடாரம் முழுக்கச் சாம்பல். குழாய் இல்லாமல் தீ மூட்டினால் புகையில் சாக வேண்டியதுதான். மேல்துளையைக் கம்பளியால் இழுத்து மூடினாள். அடுப்போரம் வைத்திருந்த நான்கு சவலைக் குட்டிகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, ஆட்டுத்தோலால் விலாவைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பிளாஸ்க்கில் தேநீர் கொஞ்சம் இருந்தது. ஒவ்வொரு மிடறுக்கும் விலாவில் கத்தி இறங்கியது. மூச்சு விடும்போது ரத்தம் வருகிறதா என்று உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். வரவில்லை. சரி, எலும்பு நுரையீரலைக் குத்தவில்லை. அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

பொழுது சாயுமுன், காற்றின் நடுவே ஒரு குரல்.

"நாயைப் பிடி... அண்ணி... நாயைப் பிடி..."

அவள் உடனே எழவில்லை. அதைப் பின்னால் அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை. கிண்ணத்தில் மிச்சமிருந்த தேநீரைக் குடித்து முடித்தாள். குரல் இன்னொருமுறை கேட்டது, இம்முறை தரையோடு. பிறகு கேட்கவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏசிக்கொண்டே எழுந்து கதவைத் தள்ளினாள்.

கோம்போ கதவுக்கு வெளியே தவழ்கிற நிலையிலேயே நின்றுபோயிருந்தான். குதிரை பள்ளத்தில் விழுந்துவிட்டது. ஒரு பூட்ஸ் காணோம். மற்றொன்றில் பனி அடைத்துக்கிடந்தது. அவன் அங்கியின் கழுத்தைப் பிடித்து உள்ளே இழுக்க அவள் பட்ட பாட்டில் கண் இருட்டியது.

"நாயி எங்க இருக்கு, புடிக்கிறதுக்கு?" என்றாள். அவன் பல் அடித்துக்கொண்டிருந்தது. நடுங்குகிறவன் பிழைப்பான். நடுக்கம் நின்றால்தான் பயம்.

பூட்ஸைக் கத்தியால் கீறி எடுத்தாள். இரண்டு பாதமும் கொழுப்புக்கட்டி போல வெளுத்திருந்தன. விரலால் தட்டினால் மரத்தைத் தட்டுகிற சத்தம்.

"பனிய... வச்சுத் தேயி," என்றான் திக்கித் திக்கி.

"தேச்சா தோலு கையோட வந்துரும். சும்மா கிட."

"அடுப்ப மூட்டு."

"அடுப்புக்குக் குழாய் இல்ல. நீ வந்த முகூர்த்தம்."

வெந்நீர் இல்லை, தீ இல்லை. கரும்பாறைப் பட்டியில் அப்போது சூடாக இருந்தது ஆட்டின் வயிறு ஒன்றுதான். சவலைகளால் பயனில்லை. வயிறு பெருத்த, கொழுத்த உடம்பு வேண்டும். அவள் திரும்பக் கயிற்றைப் பிடித்துப் பட்டிக்குப் போனாள். பண்டிகைக் கிடாவின் கொம்பைப் பிடித்து, ஒரு கை விலாவில் வைத்துக்கொண்டு, இழுத்து வந்தாள். கிடாவுக்கு வர விருப்பமில்லை. நடுவழியில் அது அவளை ஒருமுறை முட்டியது. அவள் அதைத் திரும்ப முட்டினாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு பெண் ஆட்டை அறுக்க மாட்டாள். தோலுரிப்பாள், குடல் கழுவுவாள், ரத்தம் பிடிப்பாள். உயிர் எடுப்பது ஆணின் வேலை. சம்தான் போனபின் நோர்ஜ்மா ஒவ்வொரு தடவையும் அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து லுவ்சான் கிழவரை வரவழைத்து, அறுத்துக் கொடுத்ததற்கு வால் கொழுப்பில் ஒரு துண்டு கொடுத்து அனுப்புவாள். இன்றைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரே ஆண் கோம்போ. கிடாவை அவன் பக்கத்தில் மல்லாக்கச் சாய்த்து, முன்னங்கால்களைத் தன் முழங்காலால் அமுக்கிக்கொண்டு, கத்தியை அவன் இடது கையில் வைத்தாள்.

"அறு."

"கை... நிக்க மாட்டேங்குது."

"அப்ப நான் அறுக்கிறேன்."

"பொம்பள அறுக்கக் கூடாது."

"அப்ப நீ அறுடா!"

அவன் முயன்றான். நடுங்குகிற கையில் கத்தி வழுக்கிக்கொண்டு போய்க் கிடாவின் பக்கவாட்டைக் கிழித்தது. கிடா உதறிய உதறலில் அதன் பின்னங்கால் அவன் வாயில் பட்டு உதடு பிளந்தது. கத்தி சாம்பலில் விழுந்தது. கிடா அலறியது, சவலைகள் அலறின, கோம்போவும் அலறினான்.

நோர்ஜ்மா கத்தியை எடுத்தாள். நெஞ்செலும்புக்குக் கீழே ஒரு சாண் கீறி, கையை உள்ளே விட்டாள். அவளுக்கு அந்த இடமெல்லாம் தெரிந்த இடம். குட்டியைத் தேடி எத்தனை ஆட்டுக்குள் கை விட்டிருக்கிறாள்! இப்போது இன்னும் மேலே, ஈரலைத் தாண்டி, முதுகெலும்போடு ஒட்டித் துடித்துக்கொண்டிருந்த பெரிய ரத்தக்குழாயை விரலால் கொக்கி போட்டுப் பிடித்து அறுத்தாள். கிடா ஒரு பெருமூச்சு விட்டது. அவள் கை முழங்கை வரை சூடாக இருந்தது. அன்றைக்கு முழுவதும் சூடாக இருந்தது அந்தக் கை மட்டும்தான். அதை வெளியே எடுக்க அவளுக்கு ஒரு கணம் மனமில்லை.

பிறகு வேகமாக வேலை பார்த்தாள். வயிற்றை நீளக் கீறி, இரைப்பையைக் கிழித்து, கோம்போவின் இரண்டு பாதத்தையும் கணுக்கால் வரை அதற்குள் திணித்து, தோலை இழுத்து மேலே மூடினாள். கூடாரம் முழுக்கச் செரித்த புல்லின் புளித்த நெடி.

முதலில் ஒன்றும் இல்லை. "செத்த காலு அண்ணி, எதுவுமே தெரியல," என்றான். பிறகு தெரிந்தது. உறைந்த காலில் ரத்தம் திரும்பும்போது வருகிற வலியைப் பிள்ளை பெற்றவளுக்குச் சொல்லிப் புரியவைக்கலாம், ஆண்களுக்குச் சொல்லிப் பயனில்லை, பட்டால்தான். அவன் காலை வெளியே இழுக்கத் திமிறினான். அவள் அவன் முழங்கால்களின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவன் நல்ல கையால் அவள் முதுகில் குத்தினான். உதைபட்ட விலாவில் வலி தெறிக்க அவள் திரும்பி அவன் ஒடிந்த மணிக்கட்டைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினாள்.

"கொலகாரி! எடுடி கால!"

"கத்து. நல்லாக் கத்து. கத்துற வரைக்கும் காலு இருக்கு."

கிடாவின் வயிறு ஆறும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். கால் சிவந்து வீங்கியது; விரல்கள் சிலவற்றில் மட்டும் கருநீலம் நின்றது. அவற்றைத் துடைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் இடையிடையே கம்பளிப் பஞ்சு வைத்து, தளர்வாகக் கட்டினாள். பச்சைத் தோலை உரித்து, சூடு ஆறுமுன் தன் மார்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். கடைசியாக, கூடாரச் சட்டத்தில் ஒரு குச்சியை ஒடித்து, அவன் மணிக்கட்டை நேராக்கி வைத்துக் கட்டினாள்.

"நான் ஒடச்சது. நானே கட்டிட்டேன். கூலி வேணாம்."

கோம்போ கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "சுவரு நல்லாத்தான் கட்டினேன்," என்றான்.

"சுவரு நல்லாத்தான் இருந்துச்சு."

புயல் அடங்கியபோது வெயில் கண்ணைக் குத்தியது. லுவ்சான் கிழவரோடு அவருடைய ஒட்டகத்தில் கோம்போவின் பெண்டாட்டி செர்மா வந்து இறங்கினாள். "நாயைப் பிடிங்க!" என்று முறையாகக் கூவிவிட்டு, பனிக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த பாசரின் காலைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். உள்ளே வந்து புருஷனின் கட்டுப்போட்ட கால், கட்டுப்போட்ட கை, பிளந்த உதடு, கடிபட்ட காது எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள். நோர்ஜ்மாவின் கிழிந்த கன்னத்தையும் பார்த்தாள்.

"ரெண்டு பேருமே சாகலியா?" என்றாள். "நல்லா இருக்கு. ஆடு எங்க?"

ஆடுகளை லுவ்சான்தான் கண்டுபிடித்தார். கீழே பள்ளத்தில், காற்று குவித்த பனி மேட்டுக்குள். முன்னே போனவை விழ, பின்னே வந்தவை அவற்றின் மேல் ஏற, அடுக்கடுக்காய் உறைந்துகிடந்தன. நின்ற நிலையிலேயே சில செத்திருந்தன. கண்ணைக் காக்கை எடுத்திருந்தது. அந்தக் குவியலின் நடுவே, செத்தவற்றின் சூட்டில், கொஞ்சம் உயிரோடிருந்தன. அவற்றைத் தோண்டியெடுத்துச் சரிவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். காதில் இருந்த வெட்டுக் குறியைப் பார்த்து நோர்ஜ்மா தன்னுடையவற்றைப் பிரித்து உள்ளே விட்டாள். மிச்சம் கோம்போவின் ஆடுகள். நிற்க முடியாமல் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றன. இன்னொரு இரவு வெளியே என்றால் அவையும் இல்லை.

நோர்ஜ்மா படலைச் சாத்தி, கவைக்கோலை ஊன்றி அதன் முன்னால் நின்றாள்.

"அக்கா," என்றாள் செர்மா. "இதுங்களையும் உள்ள விடு."

"விடறேன். ஆட்டுக்கு ஆடு சூடு, எனக்கும் லாபந்தான். அதுக்கு முன்னால உன் புருஷனை வெளிய கொண்டா. லுவ்சான் அண்ணன் இருக்கார். பட்டி யாரோடதுன்னு அவன் வாயால சொல்லட்டும்."

"காலு இப்பிடிக் கெடக்கு, இப்பப் போயி..."

"வாயி நல்லாத்தானே இருக்கு."

லுவ்சான் தாடியிலிருந்த பனியை உதிர்த்துக்கொண்டு ஒட்டகத்தைப் பார்த்தார். ஆண்களுக்குச் சங்கடம் வந்தால் ஒட்டகத்தைப் பார்ப்பது அங்கே வழக்கம். பிறகு கூடாரத்துக்குள் போய்க் கோம்போவைக் கம்பளியில் சுற்றி, தோளில் சாய்த்து இழுத்து வந்து பட்டிச் சுவரில் சார்த்தி உட்கார வைத்தார். கோம்போ படலைப் பார்த்தான். நடுங்கிக்கொண்டிருந்த தன் ஆடுகளைப் பார்த்தான். அண்ணி அவனைப் பார்க்கவில்லை; அவள் வடமேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லித் தொலையேன்யா," என்றாள் செர்மா. "உன் ரோசத்தைத் தின்னா ஆடு பிழைக்கும்?"

ஓர் ஆடு முன்னங்கால் மடங்கிப் பனியில் உட்கார்ந்தது. செர்மா அதைத் தூக்கி நிறுத்தினாள். அது திரும்ப உட்கார்ந்தது.

கோம்போ பிளந்த உதட்டால் பனியில் துப்பினான்.

"அவளோடதுதான்," என்றான் சத்தமாக. "ஆடு அறுக்கிற பொம்பளையோடது. கேட்டுக்கங்க லுவ்சான் அண்ணே, கையை உள்ள விட்டு உயிரைப் பிடுங்கினா, என் கண்ணால பாத்தேன். இவ கிட்ட எவன் பட்டி கேப்பான்? இது அவளோடதுதான்!"

திட்டாகத்தான் சொன்னான். நோர்ஜ்மாவுக்கு அது போதும். படலைத் திறந்தாள்.

அந்தத் திட்டு அவளுக்கு முன்னாலேயே ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஆடு அறுக்கிற நோர்ஜ்மா என்று சொன்னால்தான் இப்போது ஆளைத் தெரியும். சில பெண்கள் அவள் வீட்டு இறைச்சியைத் தொடமாட்டார்கள். லுவ்சானுக்கு வால் கொழுப்பு போயிற்று என்ற வருத்தம். கோம்போவுக்குக் கால்விரல்களில் பாதி போயிற்று; தவழாமல் நடக்கிறான், கோல் வைத்துக்கொள்கிறான். இரண்டு பேரும் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கரும்பாறைப் பட்டியைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

அன்றைக்குப் படல் திறந்ததும் கோம்போவின் ஆடுகள் தடுமாறி உள்ளே போயின. காலடியில் மெத்தென்று வெதுவெதுப்புப் பட்டதும் அப்படியப்படியே மடங்கி விழுந்தன. நோர்ஜ்மாவின் ஆடுகள் முகர்ந்து பார்த்து, எரிச்சலில் இரண்டு முட்டு முட்டிவிட்டு, இடம் விட்டன. செர்மா வாசலில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நிக்காத," என்றாள் நோர்ஜ்மா, விலாவைப் பிடித்துக்கொண்டு. "புகைக்குழாயைத் தேடு. கிடா இறைச்சி கெடக்கு, வேக வைக்கணும்."